சிரிப்பும் சேஃப்டி பின்னும்

"நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு. ஆனா அந்தப் பின்னை நான் இழுக்கவே இல்லீங்களே."

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தீயணைப்புப் பயிற்சி முடிந்து லைனுக்குத் திரும்பும்போது, செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் பயிற்சி கொடுத்த என்னிடம் சொன்னது இது. பின் என்றால், தீயணைப்பானின் லீவர் தவறுதலாக அழுந்தாமல் தடுக்கும் சேஃப்டி பின். அதை உருவினால்தான் பவுடர் வரும். குறையாகக்கூடச் சொல்லவில்லை. போகிற போக்கில் சொன்னார். அதனால்தான் மனதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 4 பாதுகாப்பு தினம், ஏப்ரல் 14 முதல் தீயணைப்பு வாரம். பயிற்சிகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் குவிகின்றன. ஸ்லைடு போட்டால் பத்தாவது நிமிடம் பாதிப் பேர் கண் சொருகிவிடும். அதற்காகத்தான் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரிலே பந்தயம், வினாடி வினா, பரிசாக டிபன் பாக்ஸ். இதில் தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். 6 கிலோ பவுடர் தீயணைப்பான் என்றால் பவுடர் மட்டும்தான் 6 கிலோ. உருளையோடு சேர்த்தால் ஒன்பது கிலோவைத் தொடும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் தெரியும். எந்த ஸ்லைடும் அதைச் சொல்லித் தராது.

ஆனால் பந்தயம் என்று வந்தால் டீம் யாரை அனுப்பும்? கால் வேகமுள்ள இரண்டு மூன்று பையன்களைத்தான். மற்றவர்கள் கை தட்டுவார்கள். கூடம் அதிரும், போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்தும் இருக்கும். ஆடிட்டில் பார்ப்பதும் அதைத்தான்.

ஓடிய பையன்களாவது ஒழுங்காகக் கற்றார்களா என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். ஸ்டாப் வாட்ச் ஓடும்போது கை தானாக மேல் லீவரை அழுத்திப் பிடிக்கும். லீவர் அழுந்தினால் அந்த சேஃப்டி பின் அதில் இறுகிக்கொள்ளும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுகும். பதற்றத்தில் நடப்பதும் இதேதான். உருளையைத் தரையில் நிறுத்தி, மேல் லீவரைத் தொடாமல் அடிக் கைப்பிடியை மட்டும் பிடித்து, பின்னைச் சற்றுத் திருகி இழுக்க வேண்டும். திருகும்போதே பிளாஸ்டிக் சீல் அறுந்துவிடும். அந்தச் சின்ன 'டக்'கை விரல் ஒருமுறை உணர்ந்திருக்க வேண்டும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் விரலுக்குப் போய்ச் சேராது.

எல்லோரையும் நிஜமாகவே பீய்ச்ச வைக்க முடியாது. ஒரு 6 கிலோ உருளை இருபது நொடிக்குள் தீர்ந்துவிடும். பாதியில் நிறுத்தினாலும் வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்லக் கசியும். ரீஃபில்லுக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் பின்னை இழுக்க நிரம்பிய உருளை எதற்கு? ரீஃபில்லுக்குப் போக வேண்டியவற்றில் நான்கை எடுத்து, பவுடரையும் அழுத்தத்தையும் முழுக்க வெளியேற்றிவிட்டு, ஆளுக்கொரு புது சீல் மாட்டினால் போதும். நாற்பது பேரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அப்படிச் செய்தால் அது வரிசையில் நிற்கும் வேலையாகிவிடுகிறது. சிரிப்பு காணாமல் போகிறது. ரேஷன் கடை முகத்தோடு வந்து, இழுத்து, போகிறார்கள். கை கற்றுக்கொள்கிறது, சரி. ஆனால் அந்தக் கலகலப்பு இல்லாவிட்டால், ஒரு செக்கிங் அக்கா பயிற்சியாளரிடம் வந்து தன் மனதில் பட்டதைச் சொல்லியிருப்பாரா? அங்கேதான் என் நியாயம் ஆட்டம் காண்கிறது.

கடைசி ஆளும் பின்னை இழுத்தால்தான் டீமுக்கு வெற்றி என்று விதியை மாற்றலாம். அப்போது மெதுவான கை யாருடையதோ, அவரைப் பார்த்துத்தான் கூடம் கத்தும். வயதான ஹெல்பர் ஒருவர் நடுங்கும் விரலோடு நிற்க, சொந்த டீமே "சீக்கிரம்க்கா, சீக்கிரம்" என்று நெருக்கும். அதை ஜாலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குலுக்கலில் பெயர் எடுத்தாலும் கதை இதுதான். பெயர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள்.

இப்போதைக்கு எனக்குச் சரியாகப் படுவது வரிசையை மாற்றுவது. முதலில் கடிகாரமே இல்லாமல், எல்லோரும் பின்னை இழுப்பது. அதன் பிறகு பந்தயம். கை பழகியவர்கள் ஆடும்போது கை தட்டுகிறவருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று புரியும். ஆனால் அதற்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். கிடைப்பது ஒரு மணி நேரம்தான். மீதி அரை மணிக்கு எத்தனை பீஸ் குறையும் என்று சூப்பர்வைசர் கணக்கோடு வந்து நிற்கிறார்.