கீழே போய்க்கொண்டே இருந்த குரல்

மாஸ்கோவின் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்தில் எலெக்த்ரிச்கா என்ற புறநகர் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் செர்கியேவ் போசாத். 70 கிலோமீட்டர் இருக்கும். நான் பாட்டு கேட்கப் போகவில்லை. அங்குள்ள மடாலயத்தில் நீலக் கும்மட்டங்களில் தங்க நட்சத்திரங்கள் பதித்திருப்பார்கள்; அதைப் படம் எடுக்கப் போனேன். பிப்ரவரி மாதம். நாலு படம் எடுப்பதற்குள் குளிரில் கேமரா பேட்டரி செத்துவிட்டது. என் விரல்களும் கிட்டத்தட்ட அதே நிலைதான். எங்காவது கதகதப்பாக நின்றால் போதும் என்று உணவுக்கூடத் தேவாலயத்துக்குள் நுழைந்தேன்.

சனிக்கிழமை மாலை, இரவு விழிப்பு வழிபாடு தொடங்கியிருந்தது. உள்ளே நாற்காலிகளே இல்லை. சுவரோரம் சில பெஞ்சுகள், அவையும் வயதானவர்களுக்கு. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். நானும் குல்லாவைக் கழற்றிவிட்டு, கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த பாட்டி என் முழங்கையில் ஒரு தட்டு தட்டினார். சாமி சன்னிதியில் பையில் கை வைக்கக்கூடாதாம். மொழி தெரியாமலே புரிந்தது.

பள்ளி நாட்களில் எனக்குத் தெரிந்த கொயர் ஆர்மோனியத்தோடு வந்தது. அதனால் கண்கள் வாத்தியத்தைத் தேடின. ஒன்றுமில்லை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் வாத்தியத்துக்கு இடமில்லை, மனிதக் குரல் மட்டும்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது. டீக்கன் என்ற உதவிக் குரு ஒவ்வொரு வேண்டுதலாகச் சொல்லச் சொல்ல, துறவிகள் 'கோஸ்பொதி பொமிலுய்' என்று பதில் பாடினார்கள். ஆண்டவரே இரங்கும் என்று பொருள். வெளியே ஏதோ லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது என்று நினைத்தேன். பாட்டு நின்றபோது லாரியும் நின்றது. அது ஒரு துறவியின் குரல்!

இப்படிப் பாடுகிறவர்களை அங்கே 'ஒக்தவிஸ்த்' என்பார்கள். ஆண்களின் தாழ்ந்த குரலை பேஸ் என்பார்கள்; அந்தச் சாதாரண பேஸ் குரலுக்கும் ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறவர்கள் இவர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1915-இல் இதே விழிப்பு வழிபாட்டுக்கு இசை அமைத்தபோது, ஐந்தாவது பகுதியின் முடிவில் பேஸ் குரல்களைப் படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டே போனார். இப்படிப்பட்ட பேஸ் பாடகர்களுக்கு எங்கே போவது என்று பாடகர் குழுவின் நடத்துநரான தனீலின் என்பவர் தன் தலையில் கைவைத்தாராம். ரக்மானினோவுக்குக் கவலையே இல்லை. தன் நாட்டுக்காரர்களின் குரல் அவருக்குத் தெரியும்.

ஆனாலும் என்னை உலுக்கியது அந்தக் கீழ்க்குரல் மட்டுமல்ல. நடுவில் விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பைபிளின் ஆறு சங்கீதங்களை வாசித்தார். ராகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே சுருதியில் மளமளவென்று. இருட்டில் மெழுகுவத்திகள் மட்டும். அவ்வளவு நேரம் துறவிகளின் குரல்கள் நாலு பாகமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வேறு மெட்டில் சேர்ந்து ஒலித்ததைக் கேட்ட காதுக்கு அந்த ஒற்றைக் குரல் ஏனோ இன்னும் பெரிதாக இருந்தது. வெளியே வந்தபோது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. கால் வலி விடுதிக்குப் போய்த்தான் உறைத்தது.

அடுத்த நிறுத்தம் இஸ்தான்புல். விமானம் ஆறு மணி நேரம் தாமதம். அதைப் பற்றி எழுதினால் எனக்கே எரிச்சல் வரும், விடுங்கள்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா அந்த ஊரின் உஸ்குதார் பகுதியில் ஓர் அமெச்சூர் 'கோரோ'வில், அதாவது பாடகர் குழுவில், பாடுகிறவர். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு என்னையும் கூட்டிப்போனார். முப்பது பேர் இருக்கும்: வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒரு பல் டாக்டர். முன்னால் வாத்தியங்கள்: கானூன் என்ற பல தந்தி வாத்தியம், வீணை மாதிரி மீட்டும் ஊத், நெய் என்ற புல்லாங்குழல். ரஷ்யாவில் கெட்டுப்போன காதோடு உட்கார்ந்து, குரல்கள் எப்போது பிரியும் என்று காத்திருந்தேன். பிரியவே இல்லை. முப்பது பேரும் ஒரே மெட்டு, ஒரே வரி. முதல் அரை மணி நேரம், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்புறம் நடத்துநர் ஓரிடத்தில் நிறுத்தினார். எல்லோரும் அவரை 'ஹோஜாம்' என்றுதான் கூப்பிட்டார்கள், நம் 'வாத்தியாரே' மாதிரி. ஒரே ஒரு ஸ்வரத்தை ஏழெட்டு முறை பாடவைத்தார். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. அவருக்கு இல்லை. துருக்கி இசையில் ஒரு முழு ஸ்வர இடைவெளியை ஒன்பது 'கோமா'வாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு கோமா பிசகியிருந்தது. கானூன்காரர் தந்திகளுக்குப் பக்கத்திலிருந்த சின்ன உலோக நெம்புகோல் ஒன்றைத் தட்டிவிட்டு அந்த ஸ்வரத்தை மீட்டிக் காட்டினார். முப்பது பேரும் ஒரு மயிரிழை இறங்கினார்கள். சட்டென்று அறையே நேரானது போல இருந்தது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது முதல் நிமிஷத்திலேயே பிடிபட்டிருக்க வேண்டும். இதன் மேல் பல ஸ்வரங்களை ஒன்றாக அடுக்கும் மேற்கத்திய 'கார்ட்' ஒன்றைப் போட்டால் அந்தக் கோமா நசுங்கிப்போகும். பியானோவில் அதற்கு இடமே கிடையாது.

டீ இடைவேளையில் ஹோஜா ஒன்று சொன்னார். இத்தனை பேர் வரிசையாக நின்று பாடும் வழக்கமே வானொலிக் காலத்தில் வந்ததாம். அதற்கு முன் சிறு குழுக்கள்தான். பாடம் 'மெஷ்க்' முறையில், குருவின் எதிரே உட்கார்ந்து, முழங்காலில் தாளம் தட்டி, மனப்பாடமாக. ரஷ்யாக்காரர்களும் இங்கிருந்துதான் பாட்டை எடுத்துப்போனார்கள் என்றார் சிரித்துக்கொண்டே. அவர் சொன்னதில் வரலாறு உண்டு. 10-ஆம் நூற்றாண்டில், அன்றைய ருஸ் நாட்டின் தலைநகரான கீவின் தூதர்கள் இந்த ஊரின் ஹாகியா சோபியா தேவாலயத்தில் வழிபாட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் நின்றது வானத்திலா பூமியிலா தெரியவில்லை என்று சொன்னதாக அவர்களுடைய பழைய வரலாற்று ஏடு எழுதுகிறது. இந்த ஊரை அப்போது ஆண்ட பைசாந்தியப் பேரரசிலிருந்து போன பாட்டும் ஒற்றை வரிதான். ரஷ்யத் தேவாலயங்களில் பல பாகமாகப் பாடுவது பெருமளவில் 17-ஆம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து, கீவ் வழியாக வந்து சேர்ந்தது. செர்கியேவ் போசாத்தின் இருட்டில் கேட்ட அந்த ஒற்றைக் குரல் உடனே நினைவுக்கு வந்தது.

கிளம்பும் முன் 'அக்சாக்' தாளம் தட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அக்சாக் என்றால் நொண்டி. வலது கை 'டூம்', இடது கை 'டெக்'. எண்ணிப் பார்த்தேன்: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. ஒன்பது. நம் சங்கீர்ணம்! தகதிமி தகதகிட என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன். பல் டாக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அவரும் தகதிமி சொல்லத் தொடங்கினார்.

எமினோனுவுக்குத் திரும்பும் படகிலும் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசி மூன்றில் ஒவ்வொரு தடவையும் இடது கை ஒரு அட்சரம் முந்திக்கொண்டது.