ராமநாதபுரத்துக்காரனும் பிரியதர்ஷினி ஏரியும்

ராமநாதபுரம் பக்கம் பிறந்தவனுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு கஞ்சத்தனம் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் துணி துவைக்கும் நாளையே குழாய்தான் முடிவு செய்யும். உலகத்து நன்னீரில் 70 சதவீதம் போல ஐஸாகக் குவிந்து கிடக்கும் அண்டார்டிகாவுக்கு ஒரு வருஷ வேலைக்குப் போகிறேன் என்றதும், "இனிமேல் உனக்குத் தண்ணிக் கஷ்டம் இல்ல" என்று அம்மா சிரித்தாள். போன பிறகு எனக்குக் கிடைத்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது!

உத்தரகாண்ட் மலையில் இருக்கும் ஔலியில் பனியில் நடக்கப் பழக்கிவிட்டு, கேப்டவுனிலிருந்து சரக்கு விமானத்தில் ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். நாங்கள் தங்கிய மைத்ரி, அங்கே இருக்கும் இந்திய ஆராய்ச்சி நிலையம், 1989இல் கட்டியது. அதற்கு முன்பு 1983இல் பனித்தட்டின் மேலேயே அமைத்த தக்ஷிண் கங்கோத்ரி கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குள் புதைந்துபோனது. அதனால் இதைப் பாறை மேல், கால் வைத்துத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஷிர்மாக்கர் என்கிற அந்தப் பாறைத் திட்டில் மட்டும் நூற்றுக்கும் மேல் ஏரிகள். நாங்கள் குடித்தது, குளித்தது எல்லாம் வாசலில் இருக்கும் பிரியதர்ஷினி ஏரித் தண்ணீர்.

குளிர்காலத்தில் ஏரியின் மேல்பகுதி ஆள் நடக்கிற அளவுக்கு உறைந்துவிடும், அடியில் தண்ணீர் இருந்துகொண்டே இருக்கும். அதை மோட்டார் வைத்து இழுத்து, சூடேற்றும் கம்பி சுற்றிய குழாய் வழியாக மேலே கொண்டுவர வேண்டும். ஜூன் மாதம் ஒரு ராத்திரி (ராத்திரி என்ன ராத்திரி, மே மூன்றாவது வாரம் போன சூரியன் ஜூலை மூன்றாவது வாரம்தான் திரும்ப வந்தது, நடுவில் மதியம் கொஞ்ச நேரம் வெளுப்பு தட்டும், அவ்வளவுதான்) நான் வால்வு ஒன்றைச் சரியாகத் திறக்காமல் விட்டதில் குழாய் உறைந்துவிட்டது. வெளியே பிளிசார்ட் என்கிற பனிப்புயல், நீட்டிய கை தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் போய், கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அதை இளக்க விடியும் நேரம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. ஒருவரும் திட்டவில்லை, ஆனால் அடுத்த நாள் கிச்சன் டியூட்டியில் பாத்திரம் முழுக்க என் பக்கம் வந்தது.

குளிரை விட எல்லாருக்கும் பயம் தீயைப் பற்றித்தான். காற்றில் ஈரமே கிடையாது, கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும், உதடு வெடித்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் இவ்வளவு பனி இருந்தும் நெருப்பு பிடித்தால் அணைக்கத் தண்ணீராக இருப்பது கொஞ்சம்தான்.

இட்லி மாவு கதை தனி. ஊற வைத்து அரைத்து வைத்தால் மூன்று நாளானாலும் அப்படியே கிடக்கும். கடைசியில் ஜெனரேட்டர் ரூமில் வைத்தோம், பொங்கி வழிந்தது. தமிழ் ஆள் நான் ஒருவன்தான், ஆனால் 25 பேரும் அந்த மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோடையில் பாறைப் பக்கம் வேலைக்குப் போனால் சிறுநீரைக்கூட கேனில் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஏரிப் பக்கம் எதையும் ஊற்றக் கூடாது. 1991இல் போட்ட சுற்றுச்சூழல் ஒப்பந்தம் அப்படி. முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. எங்கள் ஊர்க் கண்மாயை நினைத்தால்தான் எரிச்சலாக வந்தது.

டிசம்பரில் ஏரியின் ஓரம் இளகி, ஸ்கூவாப் பறவைகள் இறங்கிக் குளித்தன. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அங்க பறவைக்கே தண்ணி கிடைக்குது, இங்க நாலு நாளா வரல" என்றாள்.