லேப்டாப் ஆன் ஆகாவிட்டாலும் ஃபைல்களை எடுக்கலாம்

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு, ரேம், டிஸ்ப்ளே எது போனாலும் டிஸ்க்கில் இருப்பதற்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. விண்டோஸைப் புதிதாகப் போடும்போதுதான் பெரும்பாலும் எல்லாம் அழிகிறது.

சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய மாடலில் 2.5 இன்ச் சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க் இருக்கும். அதற்கு யுஎஸ்பி சாட்டா கேபிள் ஒன்று போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தான், அதனால் தனி அடாப்டர் உள்ள கேபிளாக வாங்குங்கள்.

புது மாடல்களில் எம்.2 எனும், குச்சி போன்ற மெல்லிய டிஸ்க் இருக்கும். இங்கேதான் பலர் தப்பான கேஸ் (டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் மாட்டும் பெட்டி) வாங்குகிறார்கள். எம்.2-வில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்று இரண்டு வகை, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கான கேஸ் மற்றதைப் படிக்காது. தங்க நிறக் கால்கள் உள்ள ஓரத்தில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் என்விஎம்இ. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் படிக்கும் கேஸே வாங்கிவிடுங்கள். ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட மாடல் என்றால் கழற்ற வழியில்லை. போர்டை ரிப்பேர் செய்துதான் ஆக வேண்டும்.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். எப்போதும் கேன்சல்தான். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) கீ கேட்டால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்த பல லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். திறக்கும் சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருப்பதால்தான் இங்கே 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கிறது. அந்த அக்கவுண்டில் போய்ப் பாருங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கீ என்று தெரியும். கீ எங்குமே இல்லை என்றால் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது.

யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் "கன்டினியூ" கொடுத்தால் திறக்கும். ஆனால் அப்போது விண்டோஸ் அந்த டிஸ்க்கில் எழுதுகிறது. டிஸ்க் ஏற்கெனவே திணறுகிறது என்றால் அது வேண்டாம். லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும்) பூட் செய்து, டிஸ்க்கைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து (எழுத முடியாதபடி இணைத்து) எடுங்கள். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப்போடு நிறுத்திவிடாதீர்கள். மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் பிரவுசர் புக்மார்க், தண்டர்பேர்ட் மெயில் எல்லாம் இருக்கும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் வெறும் காப்பியில் வராது. அவை பழைய விண்டோஸ் லாகினோடு பூட்டப்பட்டவை.

காப்பி ஓடும்போது ஒரே ஃபைலில் நிமிடக்கணக்காக நின்றால் உடனே நிறுத்துங்கள். டிஸ்க்கில் பழுதான செக்டர்கள் (டேட்டா இருக்கும் சிறு பகுதிகள்) இருக்கலாம். விண்டோஸ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து மேலும் கெடுக்கும். இதற்கு சரியான கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை. முடிந்தால் யுஎஸ்பி கேபிளை விட்டு, டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். முதல் சுற்றில் அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், நல்ல பகுதி முழுவதையும் இமேஜாக (டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக) எடுக்கவும். அடுத்த சுற்றில் விட்டுப்போனதை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலின் பெயரை மறக்காமல் கொடுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1 டிபி டிஸ்க்குக்கு அதைவிடப் பெரிய டிஸ்க் வேண்டும், அதுவும் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கக் கூடாது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியில் நின்றுவிடும். இழந்ததை மீட்கும் மென்பொருள்களான டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டையும் அந்த இமேஜின் மேல் மட்டுமே ஓட்டுங்கள்.

டிஸ்க் "டக் டக்" என்று அடித்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். தட்டைப் படிக்கும் ஹெட் பழுதாகியிருக்கலாம், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டு கீறப்படலாம். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும். ஃபைல்கள் அவ்வளவு முக்கியம் என்றால், கிளீன் ரூம் (தூசியில்லா அறை) உள்ள டேட்டா ரெக்கவரி லேபில் திறக்காத டிஸ்க்காகக் கொடுங்கள்.