பனியுண்டோ?

அப்பாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார். செங்கோட்டையில் மர அறுவை மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வலிக்காத ஒன்றுக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிற ஆள் இல்லை. சித்தப்பா திருவனந்தபுரத்தில் இருப்பதால் கடைசியில் ஆரியங்காவு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தோம். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பெட் ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ. லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. பி செல் என்ற வெள்ளணுக்களில் வருகிற வகை. ரிப்போர்ட்டில் 'சிடி20 பாசிட்டிவ்' என்று இருந்தது; சிடி20 என்பது அந்த செல்களின் மேலுள்ள ஒரு புரதம்.

பாசிட்டிவ் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கிருந்த ஜூனியர் டாக்டருக்கு ஊர் நாகர்கோவில். "அண்ணா, இது நல்ல சேதிதான். பிடிக்க ஒரு பிடி இருக்கு" என்றார். 21 நாளுக்கு ஒரு முறை, ஆறு முறை மருந்து. கீமோ மருந்துகள், ஸ்டீராய்டு மாத்திரை, அவற்றோடு அந்த சிடி20ஐப் பிடிக்கிற ரிடுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து.

ரிடுக்சிமாப் ஏற்றுவதற்கு முன்னால் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இந்த மருந்து நல்ல பி செல்களையும் சேர்த்துத்தான் துடைக்கும்; உள்ளே உறங்கிக் கிடக்கிற வைரஸ் அப்போது எழுந்துவிடலாம். அந்த ரிசல்ட்டுக்காக ஒரு நாள் போயிற்று. இன்னொரு குளறுபடி என்னால் வந்தது. மருந்து ஏறும்போது ரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் அன்று காலை பிரஷர் மாத்திரை வேண்டாம் என்று மலையாளத்தில் வேகமாகச் சொன்னார்களாம். நான் தலையை மட்டும் நன்றாக ஆட்டியிருக்கிறேன். அப்பா வழக்கம்போல விழுங்கிவிட்டு வந்து நின்றார். அப்புறம் மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்து, மதியம்தான் ஆரம்பித்தார்கள். தமிழில் சொன்னாலும் சரி, மலையாளத்தில் சொன்னாலும் சரி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் முறை சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுவார்கள். முன்னதாகப் பாரசிட்டமாலும் அலர்ஜிக்கு ஓர் ஊசியும். ஒரு மணி நேரம் கழித்து அப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சிஸ்டர் ஓடி வந்து, "அச்சனு பனியுண்டோ?" என்றார். "ஏசியை இவ்வளவு கூட்டி வைத்தால் பனி இல்லாமல் என்ன செய்யும்?" என்று நான் எரிந்து விழுந்தேன். நடுக்கத்துக்கு நடுவிலும் அப்பா சிரித்தார். "எலே, அவங்க காய்ச்சலைக் கேக்காங்க." புனலூர் வியாபாரிகளோடு பேசிப் பழகியவர் அவர்; சென்னையில் படித்த நான்தான் முட்டாள். மருந்தை நிறுத்தி, காய்ச்சல் தணிந்ததும் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினார்கள். முடியும்போது இருட்டிவிட்டது.

இந்தக் காய்ச்சல் எதனால் என்று கேட்டபோதுதான் அந்த டாக்டர் என்.கே. செல்களைப் பற்றிச் சொன்னார். இயற்கைக் கொல்லி செல்கள். ரத்தத்தில் உள்ள லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இவைதான். 1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆராய்ச்சி நிலையத்தில் ரோல்ஃப் கீஸ்லிங் குழு எலிகளில் இவற்றைக் கண்டு பெயரிட்டது. முன்பின் பார்த்திராத புற்று செல்லைக்கூட, எந்தப் பயிற்சியும் இல்லாமல் கொல்கின்றன என்பதுதான் அப்போதைய ஆச்சரியம்.

எதை வைத்து ஆளை அடையாளம் காண்கின்றன? சிவப்பணு போன்ற சில தவிர, நம் செல்கள் எல்லாவற்றின் மேலும் எம்.எச்.சி. என்றொரு புரதம் இருக்கிறது. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே கோளாறு உண்டா என்று கண்டுபிடிக்கும். அதனால் தப்பிக்க நினைக்கும் சில புற்று செல்கள் அதையே கழற்றி எறிந்துவிடும். என்.கே. செல் அங்கேதான் பிடிக்கும்: எம்.எச்.சி. இருந்தால் கையை மடக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் தாக்கும். கிளாஸ் கார்ரெயும் கூட்டாளிகளும் 1986இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். அதுவும் லிம்போமா செல்களை வைத்துத்தான்.

இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "வனத்துறை சுத்தியல் முத்திரை இல்லாத தடியைச் செக்போஸ்ட்ல பிடிக்கிற மாதிரி" என்றார், சட்டென்று. சரி, ரிடுக்சிமாப் என்ன செய்கிறது? பி செல் மேலுள்ள சிடி20இல் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் வால் பக்கத்தை என்.கே. செல் தன் சிடி16 என்ற கொக்கியால் பற்றி, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்த செல் தானாகவே செத்துப்போகும். மருந்து கொல்வதற்கு வேறு வழிகளும் உண்டு, இது முக்கியமான ஒன்று. அப்பா யோசித்தார். "முத்திரை இல்லாட்டியும் பிடி, முத்திரை குத்தினாலும் பிடி. என்னலே சட்டம் இது?" எனக்குப் பதில் வரவில்லை.

முதல் நாள் நடுக்கம் இந்த அடிதடியில் செல்கள் கொட்டுகிற சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களால் வருவது. அப்படியானால் காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை என்றார் டாக்டர். காய்ச்சலே வராதவர்களுக்கும் மருந்து கேட்கும், வந்தவர்களுக்குக் கேட்காமலும் போகலாம்.

இத்தனை காவல் இருந்தும் புற்று எப்படி வளர்கிறது என்பது என் அடுத்த கேள்வி. கட்டிக்குள் டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற பொருள்கள் சுரந்து என்.கே. செல்களை மந்தமாக்கிவிடும். தன்னைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களைப் புற்று செல் உதிர்த்தும் விடும். ஒரு மாமா உடனே 'என்.கே. செல் பெருக்கும் பொடி' ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினார். தன்னிடம் காட்டாமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் அது அலமாரியில் இருக்கிறது. நிஜமான முயற்சி வேறு மாதிரி: ஹூஸ்டனில் தொப்புள்கொடி ரத்தத்து என்.கே. செல்களை மாற்றியமைத்து 11 பேருக்குச் செலுத்தியதில் 8 பேருக்குப் பலன் இருந்தது என்று 2020இல் வெளியிட்டார்கள். அது இன்னும் ஆராய்ச்சிதான்; அப்பாவுக்கு அது தேவைப்படவுமில்லை.

இரண்டாம் முறையிலிருந்து நடுக்கம் வரவில்லை. மூன்றாவதுக்கு முன் வெள்ளணு குறைந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. மூன்று கல்யாணங்களுக்கு அப்பாவை நான் போகவிடவில்லை. அதற்கு மட்டும் இன்னும் கோபம். ஆறாவது முறை அதே சிஸ்டர், அதே கேள்வி. அப்பா வாயைத் திறப்பதற்குள் நானே, "பனி இல்லா சிஸ்டரே" என்றேன். பெட் ஸ்கேன் அடுத்த மாதம்.