ஒரு சீட்டுக்கு இரண்டு முறை பணம்: டிஎல்ஏ பிளஸ்ஸோடு மூன்று வாரம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு பயணி போன் செய்தார். "ஒரே சீட்டுக்கு ரெண்டு தடவை பணம் எடுத்திருக்கீங்க." பேருந்து முன்பதிவுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் எங்களுடையது. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாகை இரண்டு நாள் புரட்டினோம். அவர் சொன்னது உண்மை. எப்படி நடந்தது என்பதுதான் பிடிபடவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே, அதாவது பிழை இல்லை என்றே, ஓடிக்கொண்டிருந்தன.

பயணி சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் 10 நிமிடம் அவர் பெயரில் பிடித்துவைப்போம். பணம் கட்டியதும், பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயிலிருந்து எங்களுக்குத் தகவல் வரும், அதைப் பார்த்து டிக்கெட் போடுவோம். அந்தத் தகவல் தாமதமாக வரலாம், இரண்டு முறை வரலாம், வராமலும் போகலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. தகவல் வரும்போது 'சீட் இன்னும் இவர் பெயரில்தான் இருக்கிறதா' என்று பார்க்கும் சோதனையை முந்தைய வருடமே போட்டிருந்தோம்.

கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் பற்றி முன்பே படித்திருந்தேன். ஒரு மென்பொருளின் வடிவமைப்பைக் கணிதமாக எழுதிச் சரிபார்க்க உதவும் மொழி அது. அமேசான் பொறியாளர்கள் 2015-ல் எழுதிய கட்டுரையில், தங்கள் தரவுத்தளமான டைனமோடிபியின் வடிவமைப்பில் இருந்த ஒரு பிழையை அது காட்டிக்கொடுத்ததைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிழைக்குப் போகும் மிகக் குறுகிய வழியே 35 படிகள். அவ்வளவு நீளத்துக்கு யார் மனதில் ஓட்டிப் பார்க்க முடியும்? ஆனால் கணிதக் குறியீடுகளைப் பார்த்து ஒதுங்கியே இருந்தேன். உட்கார்ந்து பார்த்தபோது, பெரும்பகுதி பிளஸ் ஒன்னில் படித்த கணங்களும் கொஞ்சம் தர்க்கமும்தான். அமைப்பு எந்தெந்த நிலையில் இருக்கலாம், ஒரு நிலையிலிருந்து எந்தெந்தப் படி நடக்கலாம், எது ஒருபோதும் நடக்கக்கூடாது: இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்தால் அதுதான் மாதிரி. அதை வைத்து டிஎல்சி என்ற கருவி சாத்தியமான எல்லா வரிசைகளையும் போட்டுப் பார்க்கும்.

என் முதல் மாதிரியில் 3 பயணிகள், 3 சீட்டுகள், 0 முதல் 10 வரை ஓடும் ஒரு கடிகாரம். இரவு ஓடவிட்டுப் போனேன். காலையில் லேப்டாப் விசிறி அலறிக்கொண்டிருந்தது, பார்க்க வேண்டிய நிலைகளின் வரிசை இன்னும் நீண்டுகொண்டே போனது. பக்கத்து இருக்கைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, பத்து நிமிஷம்ங்கிறது முக்கியமா, பிடிச்ச சீட் எப்ப வேணா கைவிட்டுப் போகலாம்ங்கிறது முக்கியமா?" கடிகாரத்தைத் தூக்கிப் போட்டேன். 'பிடிப்பு காலாவதி' என்பது எந்த நேரத்திலும் நடக்கக்கூடிய ஒரு படி, அவ்வளவுதான். ஒரு சீட், இரண்டு பயணிகள் என்று சுருக்கியதும் சில நொடிகளில் முடிந்தது.

பிழை இல்லை என்றது. நம்ப முடியவில்லை. எந்தப் படி எத்தனை முறை நடந்தது என்ற கணக்கைப் பார்த்தால், 'டிக்கெட் உறுதி' என்ற படி பூஜ்ஜியம். ஓர் இடத்தில் நிலையின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தேன், அதனால் யாருக்குமே டிக்கெட் கிடைக்கவில்லை. கடையே திறக்காவிட்டால் கல்லாவில் குறை எப்படி வரும்? அன்றிலிருந்து, பச்சை வந்தால் வேண்டுமென்றே ஒரு சோதனையை நீக்கி மறுபடி ஓட்டுவேன். அப்போதும் பச்சை என்றால் மாதிரி பொய்.

எழுத்தைத் திருத்தி ஓட்டினேன். 7 படிகளில் ஒரு பிழையில் வந்து நின்றது. பயணி சீட்டைப் பிடிக்கிறார். பணம் கட்டுகிறார். தகவல் வழியில் தங்கிவிடுகிறது, பிடிப்பு காலாவதியாகிறது. பணம் போகவில்லை போலிருக்கிறது என்று அதே பயணி அதே சீட்டை மறுபடி பிடிக்கிறார், மறுபடி கட்டுகிறார். இப்போது பழைய தகவல் வந்து சேர்கிறது. சீட் அவர் பெயரில்தானே இருக்கிறது? டிக்கெட் போட்டாகிவிட்டது. கடைசியாக இரண்டாவது தகவல் வருகிறது. 'இவருக்குத்தான் டிக்கெட் கொடுத்தாயிற்றே, இது நகல்' என்று எங்கள் சோதனை அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. இரண்டாவது பயணி தேவைப்படவே இல்லை! நாங்கள் இத்தனை நாளும் வேறொருவர் குறுக்கே வருவதைத்தான் கற்பனை செய்துகொண்டிருந்தோம்.

தீர்வு எளிது. ஒவ்வொரு பிடிப்புக்கும் தனி எண். தகவலில் வரும் எண் நடப்பு எண்ணோடு பொருந்தினால் டிக்கெட், பழைய எண் என்றால் ரீஃபண்ட். அதே எண் திரும்ப வந்தால்தான் நகல்.

என்னைத் திணறடித்தது அடுத்த கேள்வி. 'பணம் கட்டியவருக்கு என்றைக்காவது டிக்கெட்டோ ரீஃபண்டோ கிடைத்தே தீரும்' என்று எழுதி ஓட்டினால், யாரும் எதுவும் செய்யாமல் அப்படியே நிற்கும் ஒரு காட்சியைக் காட்டித் தோல்வி என்றது. எந்தப் படிகள் கடைசிவரை தள்ளிப்போகாமல் நடந்தே தீரும் என்று நாம்தான் உறுதி சொல்ல வேண்டும். எங்கள் ரீஃபண்ட் வேலைக்கு அந்த உறுதியைத் தரலாம், சர்வர் எங்களுடையது. கேட்வே தகவல் வந்தே தீரும் என்று நான் யார் சொல்ல? சொல்லாமல் விட்டால் மாதிரி தேறவில்லை. கடைசியில் வடிவமைப்பையே மாற்றினோம். முடிவு தெரியாத பணங்களைப் பற்றி நாங்களே கேட்வேயிடம் போய்க் கேட்கும் ஒரு வேலை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை. வருடக்கணக்காக 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்த வேலை அது.

மாதிரி தேறிய பிறகும் ஒரு சறுக்கல். எண்ணைச் சரிபார்ப்பதும் சீட்டை விற்றதாகக் குறிப்பதும் மாதிரியில் ஒரே படி. நான் எழுதிய நிரலிலோ முதலில் தரவுத்தளத்தைப் படிக்க ஒரு செலக்ட், பிறகு அதை மாற்றத் தனியாக ஓர் அப்டேட். நடுவில் காலாவதி வேலை புகுந்துவிடலாம். அந்தத் தம்பிதான் ரிவியூவில் பிடித்தான். எண்ணை அப்டேட்டின் நிபந்தனைக்குள்ளேயே வைத்து, தரவுத்தளத்தில் எத்தனை வரி மாறியது என்று பார்க்கும்படி திருத்தினேன். பூஜ்ஜியம் என்றால் ரீஃபண்ட். நிரலில் அந்த அப்டேட்டுக்கு மேலே இப்போது ஒரு கமென்ட் இருக்கிறது: 'இது ஒரே படி. பிரிக்காதீர்கள்.'