ராத்திரி இரண்டு மணி ஆர்என்ஏ

ஜூன் 3
பெட்ரி தட்டில் நேற்றே காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ பூசி வைத்திருந்தேன். நஞ்சுக்கொடியில் இருக்கும் அதே சர்க்கரைப் பொருள். மலேரியா ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணுக்களை ஊற்றி, மெல்ல ஆட்டி, கழுவினேன். நுண்ணோக்கியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருந்தன. அவைதான் வேண்டும். மற்றவை கழிவு வாளிக்கு.

ஜூன் 4
எதற்கு இந்தப் பாடு என்று தங்கை கேட்டாள். முதல் கர்ப்பத்தில்தான் மலேரியா ரொம்பப் படுத்தும். அடுத்தடுத்த கர்ப்பங்களில் எதிர்ப்பு வந்துவிடும். கென்யப் பெண்களின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ஒட்டுண்ணி இந்தச் சர்க்கரையில்தான் ஒட்டுகிறது என்று 1996இல் ஃப்ரைட், டஃபி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதைக் கொண்டு ஒட்டுகிறது? ஒட்டும் புரதத்தைச் செய்யும் வார் ஜீன்கள் ஒட்டுண்ணியிடம் சுமார் 60 உண்டு, சட்டை மாதிரி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டவைத்துப் பொறுக்கிய ஒட்டுண்ணிகளில் எந்த ஜீன் உரக்கப் பேசுகிறது, அதாவது எதன் ஆர்என்ஏ நகல் அதிகம் என்று 2003இல் சலாந்தி என்ற ஆய்வாளரின் குழு அளந்தபோது ஒன்றே ஒன்று எழுந்து நின்றது: வார்2சிஎஸ்ஏ. தடுப்பூசிக்குக் குறி கிடைத்தது அப்படித்தான்.

ஜூன் 19
ஒட்டவைத்துப் பொறுக்கும் மூன்றாவது சுற்று முடிந்து, வளர்த்தாயிற்று. இப்போது தட்டு நிறைய ஒட்டுகிறது. ஒட்டுண்ணி புதுச் சிவப்பணுவுக்குள் நுழைந்து பதினான்காவது மணிநேரத்தில் ஆர்என்ஏ எடுக்க வேண்டும். அது ராத்திரி 2 மணிக்கு வந்தது. யார் எழுந்து போவது? காலையில் போனால் சென்ட்ரிஃபியூஜுக்கு (சுழற்றிப் பிரிக்கும் எந்திரம்) வரிசை. எடுக்கும்போது மாலை 6.

ஜூன் 20
ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆரில் வார்2சிஎஸ்ஏ முனகுகிறது, அவ்வளவுதான். நேற்றைய ஸ்லைடைப் பார்த்தேன். மோதிரம் போல் தெரியும் இளம் ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழுப்புப் பொட்டு வைத்த பெரிய ஒட்டுண்ணிகள். 30 மணிநேரம் ஆகியிருக்கிறது. வார் ஜீன் மோதிரப் பருவத்தில் பேசி முடித்துவிடும். புரதம் வெளியே வந்து ஒட்டும் நேரத்தில் ஆர்என்ஏ பெரும்பாலும் போயிருக்கும். சோம்பேறித்தனத்துக்குக் கூலி. நல்லவேளை, பாதிக் கல்ச்சரை வைத்திருந்தேன். ஒட்டுண்ணியின் ஒரு சுற்று 48 மணிநேரம். அடுத்த பதினான்காவது மணிநேரம்? இன்றிரவு 2 மணி!

ஜூன் 21
போனேன். ஸ்லைடு முழுக்க மோதிரங்கள். மதியம் பிசிஆரில் வார்2சிஎஸ்ஏ 21ஆவது சுழற்சியிலேயே ஏறிவிட்டது. மற்ற வார் ஜீன்கள் 30 தாண்டித்தான். சீக்கிரம் ஏறினால் ஆர்என்ஏ அதிகம் என்று அர்த்தம்.

ஜூன் 23
வார்2சிஎஸ்ஏ ஜீன் செய்யும் புரதம் சுமார் 350 கிலோடால்டன், ரொம்பப் பெரியது. முழுதாகச் செய்வது பெரும்பாடு என்பதால் பாம்வாக், ப்ரிம்வாக் தடுப்பூசிகள் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டன. பெனினிலும் புர்கினா ஃபாசோவிலும் பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்புப் புரதம் வந்தது. ஆனால் தடுப்பூசியில் இருந்த வகையைப் பிடித்த அளவுக்கு வேறு வகைகளைப் பிடிக்கவில்லை. அதனால் இன்னொரு வகை ஒட்டுண்ணியை இன்று ஃப்ரீசரிலிருந்து எடுத்திருக்கிறேன். மறுபடி முதல் சுற்று. அலாரம் இப்போதே வைத்தாயிற்று.