முன் டிரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது?

ஆயிரம் குதிரைத்திறன் டீசல் டிரக்குக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கட்டுகிறேன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி "இன்புட் ஷாஃப்ட் எது போடுகிறீர்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஷாஃப்ட் உடைந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆனால் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்ததும் நான் முதலில் கையில் எடுப்பது முன் கிளட்ச் டிரம்மைத்தான், அதாவது கிளட்ச் பிளேட்களை உள்ளே வைத்துச் சுற்றும் உலோக உருளையைத்தான். ஒரு கியர்பாக்ஸ் பந்தயத்தைத் தாங்குமா தாங்காதா என்பதை அந்த டிரம்மின் கதையை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். நம் ஆட்களில் இதைத் தமிழில் எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில். டீசல் இன்ஜின் கம்பெனி கம்மின்ஸின் தலைமையகம் இருக்கும் கொலம்பஸ் பக்கத்து ஊர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் பேர்போன அல்லிசன் இண்டியானாபொலிஸில். கோவையில் லேத் முன்னால் நின்று பழகிய எனக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைந்திருக்காது. இப்போது மேசையில் இருப்பது 48ஆர்ஈ என்ற கியர்பாக்ஸ். அது வந்த வண்டி 2006 டாட்ஜ் ராம் 2500 டிரக், இன்ஜின் 5.9 லிட்டர் கம்மின்ஸ். வண்டிக்காரர் தெற்கே சோளமும் சோயாவும் பயிரிடும் விவசாயி. கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த இன்ஜின் 325 குதிரைத்திறன், 610 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் எல்லாம் மாற்றி இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வண்டி எடை சுமார் மூன்று டன். அதைக் கால் மைல், அதாவது 402 மீட்டர், பத்து வினாடிச் சொச்சத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கணக்குப் போட்டால் முடியும். முடிவில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

இந்தப் பெட்டிக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. கிரைஸ்லரின் 727 டார்க்ஃப்ளைட் 1962-இல் வந்தது. அறுபதுகளில் 426 ஹெமி கார்கள் டிராக் ரேஸில் (நேர்ப்பாதை வேகப் பந்தயத்தில்) ஓடியபோது பின்னால் உழைத்தது அதுதான். 1989-இல் டாட்ஜ் டிரக்கில் முதன்முதலாகக் கம்மின்ஸ் வந்தபோதும் அதே 727 தான், வெறும் மூன்று கியர். அப்புறம் அதன் வாலில் ஒரு ஓவர்டிரைவ், அதாவது வெளி ஷாஃப்ட்டை இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் நான்காவது கியர், சேர்ந்தது. 1994-இல் 47ஆர்எச், 1996-இல் 47ஆர்ஈ, 2003-இல் 48ஆர்ஈ. பெயர் மாறினாலும் முன்பாதியின் எலும்பு 727-இன் எலும்புதான். முதல் கியரின் விகிதம் 2.45, இரண்டாவது 1.45, மூன்றாவது நேருக்கு நேர் (1.00), ஓவர்டிரைவ் 0.69.

610 பவுண்டு-அடிக்கு என்று செய்த பெட்டிக்குள் இப்போது என்ன போகிறது? கிளம்பும் நேரத்தில் இன்ஜின் 1,200 கொடுக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கும். இன்புட் ஷாஃப்ட்டின் தலையில் 2,400. முதல் கியரைக் கடந்து வெளியே வரும்போது 5,900-ஐத் தொடுகிறது. இதனால்தான் மூன்று ஷாஃப்ட்டும் (இன்புட், நடு, அவுட்புட்) நல்ல உலோகக் கலவையில் முழுக் கட்டியிலிருந்து கடைந்தவையாக இருக்க வேண்டும். கன்வர்ட்டரின் முன் மூடியும் அப்படித்தான். தகட்டில் அழுத்திச் செய்த கம்பெனி மூடி இந்த அழுத்தத்தில் உப்பிக்கொள்ளும். உள்ளே இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும் ஒற்றை லாக்கப் பிளேட் இருந்த இடத்தில் மூன்று பிளேட். இதெல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கும். ஆர்டர் போட்டு வாங்கிவிடலாம்.

டிரம் விஷயம் அப்படி இல்லை. அதைப் புரிந்துகொண்டுதான் கட்ட வேண்டும்.

இந்தப் பெட்டிக்குள் நடுவில் ஒரு சன் கியர், அதைச் சுற்றிச் சின்ன கியர்கள், அந்தச் சின்ன கியர்களைத் தாங்கும் சட்டமான கேரியர். முன் டிரம் அந்தச் சன் கியரோடு பூட்டப்பட்டது. முதல் கியரில் அது இன்புட் ஷாஃப்ட்டுக்கு எதிர்ப்பக்கமாக, அதன் வேகத்தில் சுமார் 0.9 பங்கு வேகத்தில் சுற்றும். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் டிரம் பின்பக்கமாக 3,600. இரண்டாவது கியர் விழ வேண்டுமானால் அதைச் சுற்றியிருக்கும் பேண்ட் என்ற பட்டை இறுக்கிப் பிடித்து டிரம்மை அப்படியே நிறுத்த வேண்டும். மூன்றாவது கியரில் பேண்ட் விட்டுவிட, டிரம்முக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்கள் பிடித்து, அதே டிரம் இப்போது முன்பக்கமாக ஷாஃப்ட்டின் வேகத்திலேயே சுற்றும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 4,000-இல் மாற்றினால், ஷாஃப்ட் 2,750-க்கு இறங்கும். நின்றிருந்த டிரம் அந்த வேகத்துக்கு ஏறும். பின்னோக்கி 3,600, பிறகு பூஜ்யம், பிறகு முன்னோக்கி 2,750. இவ்வளவும் ஒரு பந்தய ஓட்டத்தின் பாதித் தூரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். கியர் மாறும்போது முதுகில் ஒரு தள்ளு விழுகிறதே, அது இந்த டிரம் நிற்பதும் திரும்புவதும்தான்.

இனி ஆபத்து எங்கே என்று பார்க்கலாம். முதல் கியரில் பின் கேரியர் பின்னோக்கிச் சுற்றாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு ஒருவழி கிளட்ச். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி, ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விடும். பந்தயக்காரர்கள் ஸ்ப்ராக் என்பார்கள். டயரை வெறுமனே சுழற்றிப் புகை கிளப்பிச் சூடாக்கும் பர்ன்அவுட்டில், வழுக்கிக்கொண்டிருந்த டயர் திடீரென்று தரையைப் பிடித்தால் அந்த அடி முழுவதும் இந்தச் சின்ன உருளைகள் மேல் விழும். அவை நொறுங்கினால் கேரியருக்குப் பிடிமானம் போய்விடும். வண்டி நகராது; இன்ஜினின் வேகம் முழுக்க டிரம்முக்குப் போகும். வெளிச்செல்லும் ஷாஃப்ட் நின்றிருக்கும் நிலையில் கணக்குப் போட்டால், டிரம் இன்புட் ஷாஃப்ட்டைவிட 2.2 மடங்கு வேகத்தில் பின்னோக்கிப் பறக்கும். 4,000-க்கு 8,900. வேகம் இரண்டரை மடங்கானால் டிரம்மைப் பிய்க்கும் விசை ஆறு மடங்காகும். 727 காலத்திலிருந்தே டிரம்கள் இப்படி வெடித்திருக்கின்றன. அலுமினிய கேஸ் அதைத் தடுக்காது. அந்த கேஸுக்கு நேர் மேலே இருப்பது ஓட்டுநரின் கால்.

அதனால் இதில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை. டிரம் முழு ஸ்டீல் கட்டியில் கடைந்ததாக இருக்க வேண்டும். வால்வ் பாடி (எந்த ஆயிலை எப்போது எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் பகுதி), கியர் லீவரை ஒன்றில் வைக்கும்போது பின் பேண்டையும் இறுக்கி, ஸ்ப்ராக்குக்குத் துணையாகக் கேரியரைப் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். கம்பெனி வால்வ் பாடியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. 'டி'யில் கிளம்பினால் மட்டும் ஸ்ப்ராக் தனியாக நிற்கும். பெட்டிக்கு வெளியே எஸ்எஃப்ஐ 4.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற கவசம் வேண்டும். வேகமான வண்டிகளுக்கு அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதியே அதைக் கேட்கிறது. "விதி கேட்கும் வேகத்துக்கு நான் இன்னும் வரவில்லையே" என்றார் வண்டிக்காரர். "உங்கள் கால் இப்போதே அங்கேதானே இருக்கிறது" என்றேன். கவசம் வாங்கிவிட்டார். "பர்ன்அவுட் செய்யும்போது லீவரை ஒன்றிலேயே வையுங்கள், 'டி'யில் வேண்டவே வேண்டாம்" என்பதையும் சொல்லி, டேஷ்போர்டில் எழுதி ஒட்டியும் கொடுத்திருக்கிறேன்.

பெட்டியின் உயிரைத் தீர்மானிப்பது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் அந்த நொடிதான். பேண்டை விடுவிக்கும் ஆயிலும் முன் கிளட்சைப் பிடிக்க வைக்கும் ஆயிலும் ஒரே வழியில் வருகிறது. கிரைஸ்லர்காரர்கள் செய்த அழகான ஏற்பாடு. எனக்கு இன்னும் அதைப் பார்க்க அலுக்கவில்லை. கிளட்ச் நிரம்ப நிரம்ப பேண்ட் விட வேண்டும். பேண்ட் முந்திக்கொண்டு விட்டால் டிரம்மை யாருமே பிடித்திருக்க மாட்டார்கள், இன்ஜின் அலறிக்கொண்டு ஏறும். பிந்தினால் இரண்டு கியரும் ஒரே நேரத்தில் பிடித்து, பேண்ட் கருகும் அல்லது ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். லைன் பிரஷரை, அதாவது பெட்டிக்குள் ஆயிலின் அழுத்தத்தை, ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏற்றத்தான் வேண்டும், 150 பிஎஸ்ஐக்கு மேல் வைக்கிறோம். ஆனால் பிரஷர் பலத்தைத்தான் தரும், நேரத்தைத் தராது. நேரம் இருப்பது வால்வ் பாடிக்கு நடுவில் உட்காரும் செப்பரேட்டர் பிளேட்டின் துளைகளிலும், பேண்டை இறுக்கும் சர்வோ பிஸ்டனின் ஸ்பிரிங்கிலும், பிளேட்களுக்கு நடுவே விடும் இடைவெளியிலும்.

டிரம்முக்குள் கம்பெனி வைத்ததைவிடக் கூடுதல் கிளட்ச் பிளேட் அடுக்குகிறேன். ஒரு பிளேட்டுக்குச் சுமார் 10 தௌ (ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் பத்து) இடைவெளி என்பது என் கணக்கு. அதிகமானால் கிளட்ச் நிரம்ப அதிக ஆயில் வேண்டும், மூன்றாவது தாமதமாகும். குறைந்தால் பிடிக்காத நேரத்திலும் உரசிச் சூடாகும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் ஒரு பக்கம் சொல்வதை நம்பாமல் மூன்று இடத்தில் நுழைத்துப் பார்க்க வேண்டும். பேண்டை அழுத்தும் கம்பெனி ஸ்ட்ரட் மெல்லியது, இந்தப் பலத்துக்கு வளையும். அதையும் லீவரையும் கடைந்தவையாக மாற்றுகிறேன். பேண்ட் திருகை 72 அங்குல-பவுண்டு வரை இறுக்கி, ஏறக்குறைய இரண்டு சுற்று தளர்த்துவது புத்தகக் கணக்கு. நான் அங்கேதான் தொடங்குகிறேன்.

கோர்ப்பதில் அவசரம் கூடாது. புதுக் கிளட்ச் பிளேட்களை ஏடிஎஃப்+4 ஆயிலில் ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். த்ரஸ்ட் வாஷர்கள் விழாமல் நிற்க வெறும் வாசலைன். கிரீஸ் கூடாது. வாசலைன் சூடான ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் கட்டியாகப் போய்ச் சின்னத் துளையில் உட்காரும். துடைக்க நூல் உதிராத துணி. முன் பம்பைப் பூட்டியதும் இன்புட் ஷாஃப்ட்டில் டயல் கேஜை வைத்து, முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பேன். சர்வீஸ் புத்தகம் இதற்குத் தாராளமாகவே இடம் தருகிறது. பந்தயப் பெட்டிக்கு அந்த எல்லையின் கீழ்ப்பக்கமே எனக்குத் திருப்தி.

எனக்குப் பிடித்த வேலை அதற்குப் பிறகு வருகிறது. வால்வ் பாடியை மாட்டும் முன் கேஸிலுள்ள ஒவ்வொரு ஆயில் துளையிலும் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துப் பார்ப்பது. பின் கிளட்ச் துளையில் கொடுத்தால் உள்ளே 'டொக்' என்று கனமாக ஒரு சத்தம். முன் கிளட்சில் அதைவிடக் கொஞ்சம் மெல்லிய சத்தம். சர்வோவில் கொடுத்தால் பேண்ட் டிரம்மை இறுக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றை நிறுத்தினால் விட வேண்டும். 'டொக்' வராமல் 'ஸ்ஸ்' என்று இழுத்தால் எங்கோ சீல் மடங்கியிருக்கிறது, கழற்றித்தான் ஆக வேண்டும். கையை கேஸின் மேல் வைத்துக்கொண்டு கேட்பேன். சத்தத்தோடு அதிர்வும் சேர்ந்து வந்தால்தான் அடுத்த துளைக்குப் போவேன்.

கன்வர்ட்டரை மாட்டுவதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படி பம்ப்பின் காதுகளில் போய் உட்காருவது. அது உட்காராமல் இன்ஜினோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினால், ஒரு மீட்டர்கூட ஓடாத புதுப் பம்ப் உடையும். இன்ஜினோடு சேர்த்த பிறகு கன்வர்ட்டர் தளர்வாகச் சுற்ற வேண்டும். இன்ஜின் முனையிலுள்ள ஃப்ளெக்ஸ்பிளேட்டைத் தொட எட்டில் ஓர் அங்குலம்போல முன்னால் இழுக்க வேண்டியிருக்க வேண்டும். அந்த இடைவெளி இருந்தால் நிம்மதியாகப் பூட்டலாம்.

வண்டிக்காரருக்கு இன்னொரு ஆசை, டிரான்ஸ்பிரேக். முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே நேரத்தில் பிடித்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும். வண்டி நகராமல் டர்போவில் காற்று ஏறும். பொத்தானை விட்டால் பாயும். பெரிய டர்போ டீசலுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் பொத்தானை விடும் நொடியில் முன் கிளட்ச் ஒரேயடியாகக் காலியாகி, நின்றிருந்த டிரம் பின்னோக்கிப் பாய, பெரிய அடி ஸ்ப்ராக்கிலும் பின் பேண்டிலும் போய் விழும். நான்கு சக்கர டிரைவில், கால் பிரேக்கை அழுத்தியபடி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலே போதுமான பூஸ்ட் (டர்போ அழுத்தம்) கிடைக்கிறது. முதலில் இப்படி ஒரு சீசன் ஓட்டட்டும். குளிர்காலத்தில் பெட்டியைக் கழற்றி ஸ்ப்ராக் உருளைகளையும், பேண்ட் உட்காரும் டிரம்மின் மேற்பரப்பையும் பார்ப்போம். இரண்டும் சுத்தமாக இருந்தால் டிரான்ஸ்பிரேக் வால்வ் பாடி போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார்.